இங்கிலாந்துத் தூறலின் மீது ஒரு பொறாமை

என் தங்கை ஒன்பது ஆண்டுகளாக, ஞாயிற்றுக்கிழமைதோறும், தொலைபேசியில் இங்கிலாந்தைத் திட்டினாள். கனடாவில், மொன்றியலில் இருந்தபடி நான் அதைக் கேட்டு மகிழ்ந்தேன். மகிழ்ந்தேன் என்று எழுதுவதற்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேறு சொல் பொருந்தாது.

"சரியான மழை அக்கா. உடுப்புக் காயப்போட்டு மூண்டு நாள், இன்னும் ஈரம்" என்று தொடங்குவாள். அடுத்தது சாப்பாடு. "இவங்கள் எல்லாத்தையும் அவிச்சுப்போட்டு, உப்பைக் கொண்டுவந்து மேசையிலை வைக்கிற ஆக்கள். மரக்கறியிலை ஒரு ருசியும் இல்லை." நான் "ஐயோ பாவம்" என்பேன். அந்தப் பரிதாபத்தின் அடியில் ஒரு வெதுவெதுப்பு ஊறும். தொலைபேசியை வைத்தபின் ஜன்னலுக்கு வெளியே மதில் உயரத்துக்குக் கிடக்கும் பனியைப் பார்ப்பேன். அது அவ்வளவு மோசமாகத் தெரியாது.

காரணம் அம்மா. நான் மூத்தவள், இருபத்துமூன்று வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவள். அதன் பிறகும் பதினோரு ஆண்டுகள் தங்கை அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தாள். அப்பா இறந்ததும் அம்மாவைக் கனடாவுக்கு அழைக்க முதலில் விண்ணப்பித்தவள் நான்தான். என் கோப்பு ஏதோ ஒரு மேசையில் தங்கி, பிறகு வேறொரு மேசைக்குப் போய்த் தங்கி, மெல்ல ஊர்ந்துகொண்டிருக்க, பிந்தி விண்ணப்பித்த தங்கைக்கு, அம்மாவை அழைக்க, இங்கிலாந்து அனுமதி முந்திக் கிடைத்தது. விசாவுக்காகக் கொழும்பில் வந்து தனியாக இருந்து காத்திருப்பதை விட லண்டனில் தங்கையோடு இருந்து காத்திருக்கட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அப்படிக் காத்திருக்கப் போன அம்மா அங்கே மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டார்.

அந்த மூன்று ஆண்டுகளும் நான் இரண்டு விஷயங்களை நம்பியிருந்தேன்: இங்கிலாந்தின் மழை, இங்கிலாந்தின் சாப்பாடு. இவை சேர்ந்து எப்படியும் அம்மாவை என்னிடம் அனுப்பிவைத்துவிடும் என்று நினைத்தேன்.

என் நம்பிக்கைக்குச் சாட்சிகளும் இருந்தார்கள். அப்போது நான் ஒரு பொது நூலகத்தில் திருப்பித் தரப்படும் புத்தகங்களைத் தட்டுகளில் அடுக்கும் வேலையில் இருந்தேன். பயணப் புத்தகங்களை அடுக்கும்போது இங்கிலாந்தைப் பற்றிய பக்கங்களை மட்டும் நின்று படிப்பேன். சாம்பல்நிற வானம், சாம்பல்நிற இறைச்சி, வெந்நீரில் உயிர்விட்ட முட்டைக்கோவா. எழுதியவர் எந்த நாட்டவராக இருந்தாலும் இந்த இரண்டில் மட்டும் ஒத்துப்போனார்கள். என்னோடு வேலை செய்த ஒரு கியூபெக் மாகாணப் பெண்மணி, பிரெஞ்சுதான் அவர் மொழி, மதிய உணவு வேளையில் ஒருநாள் சொன்னார்: "அந்தக் காலத்தில் ஆங்கிலேயரிடம் போரில் தோற்றோம். ஒத்துக்கொள்கிறேன். சமையலில் தோற்கவில்லை." அப்போது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது அவர்கள் ஊர்ப் பாத்தே ஷினுவா: அடியில் கொத்திய இறைச்சி, நடுவில் சோளம், மேலே மசித்த உருளைக்கிழங்கு. சோளத்தை எடுத்துவிட்டால் அதே பண்டத்தை என் அம்மா ஓர் ஆங்கிலச் சமையலாகப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார் என்பது என் நினைவுக்கு வந்தது. நான் சொல்லவில்லை. அந்தப் பெண்மணி என் பக்கத்துச் சாட்சி, சாட்சியைக் குழப்பக்கூடாது.

நான் செய்த பெரிய பிழை அங்கேதான் இருந்தது. அம்மா யாழ்ப்பாணத்தில் ஒரு கன்னியர் மடப் பாடசாலையில் முப்பது ஆண்டுகள் மனையியல் படிப்பித்தவர். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு சிஸ்டர் விட்டுப்போன சமையல் புத்தகம்தான் அவருடைய பாடநூல். கஸ்ரட், ஸ்ரூ, ஸ்கோன் என்ற சிறு ரொட்டி, பழத்தின் மேல் மாவும் வெண்ணெயும் பிசறித் தூவிச் சுடும் கிறம்பிள் எல்லாவற்றையும் அந்தப் புத்தகத்தைப் பார்த்து, இங்கிலாந்தையே பார்க்காமல், தலைமுறை தலைமுறையாக எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். புத்தகத்தில் ருபார்ப் என்று ஒரு புளித்த தண்டு வரும். அம்மா அதைக் கண்ணால் கண்டதில்லை. அதற்குப் பதிலாக மாங்காயைப் போடச் சொல்வார். செய்தவற்றுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மாக்ஸ் போடுவார்; வீட்டில் எனக்கும் அதே முறைதான். நான் வாழ்நாளில் வாங்கிய உச்சம் ஐம்பத்தெட்டு. அப்படிப்பட்டவர் ஆங்கிலச் சமையலை வெறுத்து ஓடி வருவார் என்று நான் எப்படி நினைத்தேன் என்பது எனக்கே விளங்கவில்லை. ஆசை இருக்கும் இடத்தில் நினைவு வேலை செய்வதில்லை போலும்.

என் கணவர் டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையலறையில் வேலை செய்தார். வீட்டுக்கு வந்ததும் சிரித்துக்கொண்டு சொல்வார்: "இண்டைக்கு லண்டன் பிளேனுக்குக் கோழி. உம்மடை அம்மாவுக்கு ஒரு தட்டு வைச்சு விடட்டோ? அங்கை பாவம், பட்டினியெல்லே."

"பகிடியை விடுங்கோ" என்பேன். ஆனால் அவர் கைபட்ட அந்தத் தட்டுகள் ஆறேழு மணித்தியாலத்தில் அம்மா இருக்கும் நகரத்தில் இறங்குவதை நினைத்தால் தட்டுகளின் மீதும் எனக்குப் பொறாமை வந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். தங்கை இங்கிலாந்தைத் திட்டிய அளவுக்கு நான் மொன்றியலைப் புகழ்ந்தேன். "வீட்டுக்குள்ளை மெல்லிய சட்டையோடை இருக்கலாம் அம்மா. பனி விழேக்கை ஜன்னலாலை பாக்க அவ்வளவு வடிவு." அம்மா ஒவ்வொரு முறையும் ஒன்றைத்தான் கேட்பார்: "கோயில் கிட்டவோ?" எங்கள் கத்தோலிக்கப் பேச்சில் கோயில் என்றால் தேவாலயம்; அம்மா பூசை தவறவிடாதவர். நான் "கிட்டத்தான் அம்மா" என்பேன். நாங்கள் இருந்தது ரொக்ஸ்பரோவில். தமிழ்ப் பூசை நடக்கும் கோயில் மொன்றியல் தீவின் மறுபக்கம். ஜூலை மாதத்தில், கணவர் காரை எடுத்தால், நாற்பது நிமிடம்.

ஒரு வசந்தத்தில் கடிதம் வந்தது. அம்மாவின் குடிவரவு அனுமதி கிடைத்துவிட்டது. செப்டெம்பர் முடிவதற்குள் அவர் கனடாவில் வந்து இறங்க வேண்டும். நான் மே மாதத்தில் இரண்டு கிழமை விடுமுறை எடுத்தேன், நானே போய்க் கூட்டிவர. புறப்படுவதற்கு முன் அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே வரும் ஒரு தடித்த குளிர்ச்சட்டை வாங்கி, வாசல் அலுமாரியில் தொங்கவிட்டேன். அன்று ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்தின் வாகனத் தரிப்பிட ஓரத்தில், குளிர்காலம் முழுவதும் வழித்துக் குவித்த பனி, கரிக்குவியல் போலக் கறுத்துக் கடைசியாகக் கொஞ்சம் கிடந்தது.

லண்டனில் நான் குடையைக் கையில் பிடித்தபடியே இறங்கினேன். வெயில். தங்கையின் வீடு நகரத்தின் தெற்கு ஓரத்தில், ஒரு சிறிய கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. பின்வளவில் ரோசா மொட்டுவிட்டிருந்தது. மதிலில் ஊதா நிறத்தில் ஏதோ கொடி பூத்துச் சரிந்திருந்தது. புல் எப்போதும் அப்படித்தான் பச்சையாக இருக்குமாம், மார்கழியிலும். நான் பொறுமையாகக் காத்திருந்தேன். மழை வரட்டும் என்று.

மூன்றாம் நாள் வந்தது. வந்ததை நான் உடனே அறியவில்லை. காற்றில் ஏதோ ஈரமாக முகத்தைத் தடவியது. நிமிர்ந்து பார்த்தால் வானம் மெல்லிய சாம்பலாக இருந்தது. இதுவா? ஒன்பது ஆண்டுகளாக நான் ஆறுதல் தேடியது இந்தத் தூறலிலா? அது தலைமயிரைக்கூட நனைக்கவில்லை. அம்மா ஒரு சின்னக் குடையை எடுத்து, செருப்பை மாற்றி, "நான் கோயிலுக்குப் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத் தனியே கதவைத் திறந்துகொண்டு போனார். எழுபத்திரண்டு வயது, வலது முழங்காலில் நோ. நான் பின்னால் ஓடினேன்.

"தனியவே போறனீங்கள்?"

"ஏழு நிமிசம் தானே. ஒவ்வொரு நாளும் போறனான்."

"தையிலையும் மாசியிலையும்?"

"ஓம். மாசிக் கடைசியிலை அந்த மதிலோரமாய் மஞ்சள் பூ வரும். பாக்கிறதுக்கெண்டே போறனான்."

மாசி மாதத்தில் எங்கள் வாசற்படியில் கணவர் உப்பு எறிந்து, மண் எறிந்து, அதன் மேல் நான் சுவரைப் பிடித்து இறங்குவது நினைவுக்கு வந்தது. எங்கள் பனி நீலவானத்தின் கீழ் கண்ணைப் பறிக்கும்; படம் பிடித்து அனுப்பலாம்; யாரும் அதைச் சாம்பல்நிறம் என்று எழுத மாட்டார்கள். ஆனால் அது ஒரு கிழவியைக் கார்த்திகையில் வீட்டுக்குள் வைத்துப் பூட்டினால் சித்திரையில்தான் திறந்துவிடும். இந்தத் தூறல் யாரையும் பூட்டவில்லை. அம்மா அதற்குள் நடந்துபோய்க்கொண்டிருந்தார். எனக்கு அந்தத் தூறல் மீது வந்த பொறாமை, ஒரு மனுசர் மீது வருவது போலவே இருந்தது.

அன்று புதன்கிழமை. புதன்கிழமைகளில் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் தேநீர் உண்டு. அந்த ஊர் வெள்ளைக்காரப் பெண்கள், பெரும்பாலும் அம்மாவின் வயதுக்காரர், வீட்டில் செய்ததைக் கொண்டுவந்து நீளமான மேசையில் வைப்பார்கள். அம்மா உள்ளே நுழைந்ததும் ஒரு சலசலப்பு. மெலிந்த, உயரமான ஒரு பெண்மணி ஸ்கோன் தட்டொன்றை நீட்டியபடி வந்து கேட்டார்: "டீச்சர், இன்றைக்கு எங்களுக்கு எவ்வளவு?"

என் அம்மா அங்கேயும் மாக்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் அதற்காகக் காத்திருந்தார்கள்.

ஸ்கோனைப் பிய்த்து, உள்பக்கத்தைப் பார்த்து, அடியை விரலால் தட்டி, தன் கன்னியர் மட ஆங்கிலத்தில், "எழுபத்திரண்டு. அடி சற்றுக் கருகிவிட்டது" என்றார். அதைச் செய்த வேறொரு பெண்மணி ஏதோ பரீட்சையில் சித்தியடைந்தவர் போலச் சிரித்தார். கடைசியில் அந்த உயரமான பெண்மணியின் ருபார்ப் கிறம்பிள். அம்மா ஒரு கரண்டி எடுத்து, கண்ணை மூடி, நேரமெடுத்துச் சுவைத்தார். "எண்பத்தொன்று."

மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன். ஐம்பத்தெட்டு என்ற எண் நெஞ்சுக்குள் ஒரு பழைய முள்ளாக அசைந்தது.

அம்மா என் பக்கம் குனிந்து தமிழில் சொன்னார்: "எங்கடை மாங்காய் போட்டது இதைவிடத் திறம். ஆனா இவவுக்குச் சொல்லாதை."

நானும் சாப்பிட்டேன். நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அது மிக நன்றாக இருந்தது. மேலே மொறுமொறுப்பு, கீழே புளிப்பு, அதன் மேல் இளஞ்சூட்டில் கஸ்ரட். அந்த இரண்டு கிழமையும் நான் நீதிபதியைப் போல எல்லாவற்றையும் சுவைத்தேன். மாவில் தோய்த்துப் பொரித்த மீனை வினாகிரி தெளித்துத் தாளில் வைத்தபடியே தின்றேன். குறை சொல்ல முடியவில்லை. பாண் துண்டுகளுக்கு நடுவில் வெள்ளரிக்காய் வைத்து ஈரமாகிப்போன சான்ட்விச் ஒன்று தந்தார்கள். அது கெட்ட பெயருக்குத் தகுதியானதுதான். கோப்பியும் அப்படியே. முட்டைக்கோவாவைப் பற்றிப் புத்தகங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் உலகம் முழுவதும் கேலி செய்யும் அளவுக்கு அங்கே ஒன்றுமில்லை. மற்ற எந்த ஊரையும் போலச் சில நல்லது, சில கெட்டது. இந்தத் தீர்ப்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அன்று மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது அந்த உயரமான பெண்மணி வானத்தைக் காட்டி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், இப்படி ஓர் அசிங்கமான காலநிலை." தெருவோரத்துப் பெரிய மரம் முழுவதும் வெள்ளைப் பூங்கொத்துகள் நிமிர்ந்து நின்றன. அவற்றின் மேல் அந்தச் சாது மழை விழுந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை, தங்கை சமையலறையில் பருப்புக் கழுவிக்கொண்டிருக்கும்போது அவளைப் பிடித்தேன்.

"எங்கையடி உன்ரை மழை?"

"வரும், வரும். நீங்கள் வந்த ராசியிலை ஒளிச்சிட்டுது."

"ஒம்பது வருசமாய் எனக்குப் பொய் சொன்னனியோ?"

அவள் சிரித்தாள். பிறகு கையைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "முதலிலை மெய்யாத்தான் சொன்னனான் அக்கா. வந்த புதுசிலை ஒண்டும் பிடிக்கேல்லை. பேந்து பிடிச்சுப்போச்சு. ஆனா நீங்கள் மைனஸ் முப்பதிலை நிண்டுகொண்டு கதைக்கேக்கை, நான் ரோசாப்பூக் கதை சொல்லேலுமோ? அம்மா வந்தாப் பிறகு அவவும் சொன்னவ: கொக்காவுக்கு இஞ்சத்தை நல்லதுகளைச் சொல்லாதை, அவள் ஏங்கிப்போவாள், நாவூறும் பட்டிடும் எண்டு."

"நாவூறோ? ஆற்றை நாக்கு?"

"வேறை ஆற்றை? உங்கடை தான்."

இருவரும் சிரித்தோம்; நான் கொஞ்சம் பிந்தி. நல்லதைச் சொன்னால் கேட்பவரின் நாக்கோ கண்ணோ பட்டு அது கெட்டுவிடும் என்ற பயம், எத்தனை செபமாலை சொன்னாலும் எங்கள் கத்தோலிக்க வீடுகளை விட்டுப் போகவில்லை. பிள்ளை கொழுத்திருந்தால் "மெலிஞ்சுபோனான்" என்போம். வீடு கட்டினால் "சும்மா ஒரு கொட்டில்" என்போம். அப்போதுதான் எனக்குத் தோன்றியது: வானத்தைக் காட்டி மன்னிப்புக் கேட்ட அந்த உயரமான பெண்மணியும் வேறென்ன செய்தார்? இவ்வளவு பச்சையை, மார்கழியிலும் மண்வெட்டி இறங்கும் மண்ணை, கிழவிகள் நடந்து போகக்கூடிய மாசியை வைத்துக்கொண்டு அதை வாய்விட்டுப் புகழ்வதற்கு அவர் ஊராருக்குப் பயமாக இருந்திருக்கலாம். இங்கிலாந்துக்கு அதன் கெட்ட பெயரை வைத்தவர்கள் வெளிநாட்டார் அல்லர்; இங்கிலாந்துக்காரர்தான். மற்ற உலகம் அதை அப்படியே நம்பிவிட்டது. என்னைப் போல.

அம்மா என்னோடு வருவதற்கு மறுப்பொன்றும் சொல்லவில்லை. "நீ கூப்பிட்டால் வாறன். முதலிலை கேட்டவள் நீதானே" என்றார். பெட்டி கட்டிலின் கீழிருந்து வெளியே வந்திருந்தது. அதற்குள் அந்தச் சமையல் புத்தகமும் போயிருந்தது. நான் நினைத்தது நடந்துகொண்டிருந்தது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நானும் அம்மாவும் மட்டும் நடந்து திரும்பினோம். தூறல். ஒரே குடை. அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஆனால் இந்த முறை சரியாகக் கேட்டார்.

"உன்ரை வீட்டிலை இருந்து கோயிலுக்கு நடந்து போகலாமோ?"

"கிட்டத்தான்" என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இரண்டு நாளில் விமானம். அங்கே இறங்கியபின் தெரிந்தால் தெரியட்டும், அதற்குள் அலுமாரியில் தொங்கும் குளிர்ச்சட்டையைப் போட்டுவிடுவார், என்னோடு இருப்பார். அம்மா குடையை என் பக்கம் சரித்துப் பிடித்திருந்தார். அவருடைய இடத்தோள் நனைந்துகொண்டிருந்தது.

"இல்லை அம்மா. காரிலைதான் போகவேணும். கனதூரம். கார்த்திகையிலை இருந்து சித்திரை வரைக்கும் நீங்கள் தனிய வெளியிலை இறங்கேலாது. விழுந்துபோவியள்."

"பேந்து ஏன் கிட்ட எண்டு சொன்னனி?"

"உங்களுக்கு ஆசை வரட்டும் எண்டு."

"ம்" என்றார். மஞ்சள் பூ வரும் மதிலைத் தாண்டினோம். அதன் ஓரத்தில் இப்போது இலைகள் மட்டும் வாடிக் கிடந்தன.

"நீங்கள் இஞ்சையே இருங்கோ அம்மா" என்றேன்.

"கடிதம் வந்திட்டுதே பிள்ளை."

"கிடக்கட்டும்."

அவர் அதற்கு மேல் வாதாடவில்லை. இன்னும் ஒரு முறையாவது வாதாடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். என் கையை மட்டும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அந்தக் கை இளகிப்போனதை நான் உணர்ந்தேன். நெடுநாள் சுமந்த ஒன்றை இறக்கி வைத்தவரின் கை.

செப்டெம்பர் வந்தது, போனது. குளிர்ச்சட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கணவர் இரண்டு முறை சொன்னார். பிறகு சொல்வதை விட்டுவிட்டார்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு. உறைமழை பெய்து தெரு முழுவதும் கண்ணாடி போர்த்தியிருந்தது, கார்க் கதவு திறக்கவில்லை, பூசைக்குப் போகவில்லை. தங்கை தொலைபேசியில் அழைத்தாள்.

"சரியான மழை அக்கா" என்று தொடங்கினாள், பழைய பழக்கத்தில்.

பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "பொய் சொல்லாதையடி. வெயில் எறிக்குது."

தொலைபேசி அம்மாவின் கைக்கு மாறியது. நான் அன்று ருபார்ப் கிறம்பிள் செய்திருந்தேன். ருபார்ப் எங்கள் கியூபெக்கில் களை போல வளர்வது. நூலகத்துப் பெண்மணி தன் வளவில் வெட்டி உறையவைத்து ஒரு பை தந்திருந்தார், ஆங்கிலேயருடைய பண்டம் செய்யப்போகிறேன் என்று அறியாமல். அம்மா கேள்வி கேட்டார். வெண்ணெய் குளிராக இருந்ததா, மாவை விரல் நுனியால்தான் பிசறினாயா, எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாய்? எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொன்னேன்.

"அப்ப எவ்வளவு?" என்றேன்.

"தின்னாமல் மாக்ஸ் போடேலாது பிள்ளை." பிறகு, "ஆடியிலை சும்மா ஒரு மாசம் பாக்க வாறன். ஆடியிலை நடக்கலாம்தானே?"

"ஓம் அம்மா. ஆடியிலை நடக்கலாம்."

வைப்பதற்கு முன் கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "அந்த உயரமான மனுசிக்கு இப்ப எவ்வளவு?"

"போன புதன் எண்பத்துமூண்டு" என்றார் அம்மா, பெருமையோடு.

நான் கரண்டியை எடுத்து என்னுடையதை இன்னொரு வாய் தின்று பார்த்தேன்.